பக்கத்து மில்லின் எண்ணை வேண்டாம் என்று சொல்வது எப்படி

கோவை, பல்லடம், உடுமலை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் ஸ்பின்னிங் மில் நடத்துகிறவர்களில் சிலர், பிற மில்களோடு எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும் எந்த ஆய்விலும் சேர மாட்டார்கள். படிவம் வரும், மேஜையில் கிடக்கும், கடைசித் தேதி போய்விடும். "பழைய காலத்து ஆள், கணக்கைக் கண்டால் பயம்" என்று அவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மில்களில் வேலையை நேரம் வைத்து அளக்கும் வொர்க் ஸ்டடி பார்ப்பதுதான் என் தொழில். ஸ்டாப்வாட்ச்சோடு, நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின்களின் சந்துகளில் நடந்து பழகிய எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அவர்களில் பலர் நல்ல காரணத்தோடுதான் மறுக்கிறார்கள். வேறு சிலர் மறுக்கக் கூடாத காரணத்துக்காக மறுக்கிறார்கள். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, மறுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன செய்வது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பத்தாயிரம் கதிரிலிருந்து (நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில்) முப்பதாயிரம் கதிர் வரை உள்ள மில்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேலையை அளந்து திட்டமிடத் தனியாக ஒரு ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மென்ட் வைத்துக்கொள்ள முடியாத அளவு மில்கள் அவை.

எதை மறுக்கிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெஞ்ச்மார்க் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன. நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்தது மில்களுக்கிடையிலான எண் ஒப்பீடு. 1956இல் கோவையில் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆய்வு நிறுவனம் அதைப் பழக்கப்படுத்தியது. 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி என்பது எச்.ஓ.கே. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்பது யு.கே.ஜி. 100 கிலோ பஞ்சில் எத்தனை கிலோ நூல் வந்தது என்பது ரியலைசேஷன். இன்று எந்த ஸ்பின்னிங் மாஸ்டரிடம் பேசினாலும் இந்த மொழியில்தான் பேசுகிறார். மில்லை அளந்து பார்க்க முடியும் என்ற நம்பிக்கையை இந்த ஊருக்குக் கொடுத்த வேலை அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

நூலின் தரத்தை உலகளவில் ஒப்பிடும் உஸ்டர் புள்ளிவிவரம் வேறு வகை. 1957இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. உங்கள் நூல் 25 சதவீதக் கோட்டில் நிற்கிறது என்றால், உலகில் சோதித்த அதே வகை நூல்களில் கால்பங்குதான் அந்த அளவையோ அதைவிட மேலான அளவையோ எட்டியிருக்கிறது என்று பொருள். நூலை வாங்குகிறவரும் அதே கணக்கில்தான் பேசுவதால் இதை மறுத்துப் பயன் இல்லை. ஆனால் ஒரு விஷயம். 50 சதவீதக் கோட்டில் நிற்கும் நூலே உங்கள் வாடிக்கையாளருக்குப் போதும், அதற்குத்தான் அவர் விலையும் கொடுக்கிறார் என்றால், 5 சதவீதக் கோட்டைத் துரத்தி நல்ல பஞ்சைக் கொட்டுவது காசைக் காற்றில் விடுவதுதான்.

இன்னொரு வகை, ஒரு வேலையை வேறிடத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்து வருவது. அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம் 1979இல் ஜப்பானியப் போட்டியாளர்களோடு தன் செலவை ஒப்பிடத் தொடங்கியதிலிருந்துதான் பெஞ்ச்மார்க்கிங் என்ற பேச்சே கம்பெனிகளுக்குள் பரவியது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. கிடங்கிலிருந்து சரக்கை எடுத்துக் கட்டி அனுப்பும் வேலையைக் கற்க, மெய்ன் மாநிலத்தில் தபால் மூலம் துணியும் காலணியும் விற்ற எல்.எல்.பீன் கம்பெனிக்குப் போனார்கள். காப்பி மெஷினுக்கும் காலணிக்கும் போட்டி இல்லை, அதனால் ஒளிக்கவும் ஒன்றும் இல்லை. நம் மில்களில் எண் ஒப்பீடு ஊன்றிவிட்டது. நேரில் போய்ப் பார்ப்பது மட்டும் அவ்வளவாகப் பழக்கத்துக்கு வரவில்லை.

ஆக, மறுக்கலாமா என்ற கேள்வி பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் எழுகிறது. இனி அதைப் பற்றி மட்டும் பேசலாம்.

ஒரே 40ஸ், இரண்டு மில், ஒப்பிட முடியாத எண்

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு கதிர் எட்டு மணி நேரத்தில் எத்தனை கிராம் நூல் தரும் என்பதற்கு எல்லா மாஸ்டர்களும் கைவசம் வைத்திருக்கும் சூத்திரம் உண்டு. 7.2ஐக் கதிர் வேகத்தாலும் திறனாலும் பெருக்கி, கவுண்ட்டையும் (நூல் எவ்வளவு மெல்லிசு என்ற எண், 40 கவுண்ட்தான் 40ஸ்) டி.பி.ஐ.யையும் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு) பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். கதிர் வேகம் 18,000 ஆர்.பி.எம்., திறன் 95 சதவீதம், கவுண்ட் 40 என்று இரண்டு மில்லுக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்வோம்.

முதல் மில்லின் நூல் சோமனூர் தறிகளுக்குப் பாவாகப் போகிறது. அங்கே டி.எம். (கவுண்ட்டின் வர்க்கமூலத்தோடு பெருக்கி முறுக்கைக் கண்டுபிடிக்கும் எண்) 4.0 என்றால், ஓர் அங்குலத்துக்கு 25.3 முறுக்கு. சூத்திரத்தில் போட்டால் சுமார் 122 கிராம் வரும். இரண்டாவது மில்லின் நூல் திருப்பூர் பனியன் மெஷினுக்குப் போகிறது. துணி மென்மையாக இருக்க வேண்டும் என்பதால் முறுக்கு குறைவு. டி.எம். 3.6 என்றால் 22.8 முறுக்கு, சுமார் 135 கிராம்.

அதே மெஷின், அதே வேகம், அதே ஆட்கள். ஆனால் ரிங் ஃப்ரேம் பகுதியின் எச்.ஓ.கே. இரண்டாவது மில்லில் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைந்து தெரியும். முதல் மில்லின் எம்.டி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "நம்மிடம் பத்துக்கு ஒரு ஆள் அதிகம்" என்றுதான் நினைப்பார். அப்படி ஓர் ஆள் அங்கே இல்லவே இல்லை.

ரியலைசேஷனில் இந்தக் கதை தலைகீழாகும். பனியன் துணிக்கான ஹோசியரி நூலுக்குக் கோம்பிங் வேண்டும், அதாவது குட்டை இழைகளைச் சீவி நீக்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து கிலோவும் அதற்கு மேலும் நாயில் என்ற கழிவாக வெளியே போகும். கோம்பர் இல்லாத கார்டட் மில், பஞ்சைச் சிக்கனமாக நடத்துகிற மில்போல் காகிதத்தில் தெரியும். எந்த மில் நன்றாக ஓடுகிறது என்ற கேள்விக்கு இந்த எண்களில் பதில் இல்லை. எந்த மில் என்ன நூல் போடுகிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன.

கவுண்ட் வித்தியாசத்தைச் சரிக்கட்ட எல்லாவற்றையும் 40ஸுக்கு மாற்றும் கணக்கு இருக்கிறது, நல்ல கணக்குதான். ஆனால் பஞ்சின் ரகம், ஃப்ரேமின் வயது, ஒரே நாளில் எத்தனை கவுண்ட் ஓடுகிறது, ஆர்டருக்காக வாரத்துக்கு எத்தனை தடவை கவுண்ட் மாற்றுகிறீர்கள் என்பதையெல்லாம் எந்த மாற்றுக் காரணியாலும் விழுங்க முடியாது. பெரிய மில் ஒரே கவுண்ட்டை மாதக்கணக்கில் ஓட்டும். சின்ன மில் திருப்பூரிலிருந்து போன் வந்தால் மூன்று ஃப்ரேமை 30ஸிலிருந்து 34ஸுக்கு மாற்றிக் கொடுத்துத்தான் பிழைக்கிறது. அந்த மில்லின் பலமே அதுதான். ஒப்பீட்டுப் பட்டியலில் அது பலவீனமாக அச்சாகும்.

சைடரின் கால்களுக்கு வந்து சேரும் எண்

எல்லாக் காரணங்களிலும் எனக்கு முக்கியமானது இது. என் அம்மா ரிங் ஃப்ரேமில் அறுந்த இழைகளைச் சேர்க்கும் சைடராக வேலை பார்த்தவர். அதனால் எச்.ஓ.கே. என்பதை வெறும் எண்ணாக என்னால் பார்க்க முடிவதில்லை.

எச்.ஓ.கே.யைக் குறைக்க மேலிருந்து சொன்னால் மாஸ்டருக்குச் சட்டென்று கைக்கு எட்டும் வழி, ஒரு சைடருக்குக் கொடுக்கும் ஃப்ரேம் பக்கங்களைக் கூட்டுவது. "அந்த மில்லில் ஒரு ஆள் 2400 கதிர் பார்க்கிறாராம், நம் ஆள் ஏன் 1200 பார்க்கிறார்?" இந்தக் கேள்வி நியாயமாகத்தான் காதில் விழும். உள்ளே போய்ப் பாருங்கள்.

1200 கதிர் ஃப்ரேம் என்றால் ஒரு பக்கத்துக்கு 600. கதிருக்குக் கதிர் 70 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு பக்கத்தின் நீளம் 42 மீட்டர். 2400 கதிர் என்பது நான்கு பக்கம், ஒரு சுற்றுக்கு 168 மீட்டர். பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று வந்தால் மணிக்கு ஒரு கிலோமீட்டர், ஷிப்டுக்கு எட்டு கிலோமீட்டர். பஞ்சுத் தூசியும் ஈரமும் இரைச்சலும் உள்ள கூடத்தில், குனிந்து நிமிர்ந்து, இழை சேர்த்துக்கொண்டே நடக்கும் எட்டு கிலோமீட்டர் அது.

அவர் எத்தனை இழை சேர்க்க வேண்டியிருக்கும் என்பதை மற்ற மில்லின் எண் சொல்லாது. இழை அறுவதை 100 கதிர்-மணிக்கு (100 கதிர் ஒரு மணி நேரம் ஓடினால்) இத்தனை என்று கணக்கிடுகிறோம். அந்த மில்லில் 2 என்றால், 2400 கதிருக்கு மணிக்கு 48 அறுவை. உங்கள் மில்லில் 4 என்றால், அதே 48 அறுவை 1200 கதிரிலேயே வந்துவிடும். ஆக இழை சேர்ப்பதில் இரண்டு பேரும் ஒரே அளவு வேலைதான் பார்க்கிறார்கள். உங்கள் மில்லில் அறுவை 5 ஆக இருந்து 2400 கதிரைக் கொடுத்தால், மணிக்கு 120. நிமிடத்துக்கு இரண்டு. நான்கு பக்கத்துக்கும் நடந்துகொண்டு நிமிடத்துக்கு இரண்டு இழை சேர்க்க எந்தக் கையாலும் முடியாது.

முடியாதபோது என்ன நடக்கும் என்று ஒரு மில்லில் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். வேறொரு மில்லின் எண்ணைக் காட்டிப் பக்கங்களைக் கூட்டினார்கள். எச்.ஓ.கே. சொன்னபடி இறங்கியது. ஆனால் அறுந்த இழைகள் முன்பைவிட நெடுநேரம் அப்படியே நின்றன. இழை அறுந்த கதிரிலும் மேலே மாட்டிய சிம்ப்ளக்ஸ் பாபினிலிருந்து பஞ்சு வந்துகொண்டேதான் இருக்கும், அது நூலாகாமல் நியூமாஃபில் என்ற உறிஞ்சு குழாய்க்குள் போகும். 100 கதிர்-மணிக்கு 4 அறுவை இருக்கும் இடத்தில் மூன்று நிமிடத்தில் சேர்த்துவிட்டால் சும்மா நிற்கும் கதிர் 0.2 சதவீதம். பன்னிரண்டு நிமிடம் ஆனால் 0.8 சதவீதம். நியூமாஃபில் கழிவும் ஏறக்குறைய அதே அளவுக்கு ஏறும். சின்ன எண்போலத் தெரியும். பஞ்சுதான் செலவில் பாதிக்கு மேல் என்றிருக்கும் தொழிலில் அது சின்ன எண் இல்லை. உருளையில் பஞ்சு சுற்றிக்கொள்ளும் லேப்பிங்கும் கூடியது, லேப்பிங் பக்கத்து இழைகளையும் அறுத்தது. மாதம் திரும்புவதற்குள் பழகிய சைடர்கள் ஒவ்வொருவராக வேறு மில்லுக்குப் போனார்கள். புதிய ஆட்கள் இழை சேர்க்கக் கற்றுக்கொள்வதற்குள் எச்.ஓ.கே. பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

உங்கள் மில்லின் அறுவை எண் உங்கள் கையில் இல்லாதவரை, அடுத்த மில்லின் எச்.ஓ.கே.யை உள்ளே விடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மின்சாரமும் விலையும்

யு.கே.ஜி.யிலும் இதே சிக்கல். நூல் நிறைந்த குழல்களைத் தானாகக் கழற்றும் ஆட்டோ டாஃபர் போட்ட மில்லில் ஆள் குறையும், மின்சாரம் கூடும். இழைகளைக் காற்றால் நெருக்கி நூற்கும் காம்பாக்ட் போட்டால் உறிஞ்சும் காற்றுக்கென்றே தனி மின்சாரம் வேண்டும், பதிலுக்கு நூல் விலை கிடைக்கும். எச்.ஓ.கே.யை ஒரு மில்லோடும் யு.கே.ஜி.யை இன்னொரு மில்லோடும் ஒப்பிட்டு, இரண்டிலும் முதலிடம் வேண்டும் என்று கேட்கும் எம்.டி.க்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மில் உலகத்தில் இருக்காது. கம்ப்ரஸர், ஹுமிடிஃபிகேஷன், ஹாஸ்டல் விளக்கு, போர்வெல் மோட்டார் இதில் எதெல்லாம் கணக்கில் சேர்ந்தது என்றும் மில்லுக்கு மில் மாறும்.

அரசாங்கமே இதைப் புரிந்துகொண்ட ஒரு இடம் உண்டு. தொழிற்சாலைகளின் மின்சார, எரிபொருள் செலவைக் குறைக்க 2012இல் தொடங்கிய பாட் திட்டத்தின் முதல் சுற்றில் ஜவுளி உட்பட 8 துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகள் இருந்தன. ஒரே துறைக்குள்ளேயே ஆலைக்கு ஆலை வித்தியாசம் மிக அதிகம் என்பதால், எல்லோருக்கும் ஒரே எண்ணை வைக்காமல், ஒவ்வோர் ஆலைக்கும் அதன் சொந்தப் பழைய அளவிலிருந்து இவ்வளவு குறைக்க வேண்டும் என்று இலக்குக் கொடுத்தார்கள். ஒப்பீட்டை மறுத்ததற்கு எம்.டி.யிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள். காதில் ஏறும்.

விலை விவகாரத்தில் கூடுதல் ஜாக்கிரதை தேவை. பஞ்சுக் கொள்முதல் விலை மில்லின் உயிர்நிலை. சீசனில் பணம் வைத்துக்கொண்டு ஷங்கர்-6 ரகப் பஞ்சை வாங்கிக் குவித்தவருக்கும், வாரா வாரம் கடனில் வாங்குகிறவருக்கும் ஒரு கண்டிக்கு (பஞ்சு வியாபாரத்தின் எடை அளவு) விழும் விலை வேறு. அது நிர்வாகத் திறமை மட்டும் இல்லை, யாரிடம் எவ்வளவு முதல் இருக்கிறது என்பதும் அதில் இருக்கிறது. போட்டி மில்கள் நாலைந்து உட்கார்ந்து, இனி போடப்போகும் நூல் விலையையும் வாடிக்கையாளர் பெயர்களையும் பகிர்ந்துகொள்வது ஒப்பீடு என்ற எல்லையையே தாண்டிவிடும். 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, போட்டியாளர்கள் சேர்ந்து விலையை நேராகவோ மறைமுகமாகவோ நிர்ணயிக்கும் ஏற்பாட்டைத் தடுக்கிறது. டீ குடித்துக்கொண்டே பேசியதாக இருந்தாலும் ஏற்பாடு ஏற்பாடுதான். ஓர் ஆய்வு நிறுவனம் பழைய மாத எண்களை வாங்கி, மில் பெயரை மறைத்து, சராசரியாகத் திருப்பிக் கொடுப்பது வேறு. உங்கள் கவுண்ட்டில் மொத்தமே மூன்று மில்தான் இருக்கிறது என்றால் பெயரை மறைத்தும் பயன் இல்லை. எண்ணைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் தாராளமாக மறுக்கலாம்.

மறுக்கக் கூடாத காரணங்கள்

"நம் மில் தனி ரகம், எதோடும் ஒப்பிட முடியாது" என்று சொல்வதற்கு முன், எது தனி என்பதை எண்ணாகச் சொல்லிப் பாருங்கள். "எங்கள் டி.எம். 4.1, வாரத்துக்கு ஐந்து தடவை கவுண்ட் மாற்றம், ஃப்ரேமில் பாதிக்கு 20 வயது" என்று சொல்ல முடிந்தால் அது காரணம். சொல்ல முடியாவிட்டால் அது சாக்கு.

எண் வெளியே வந்தால் மாஸ்டருக்குத் திட்டு விழும் என்பதற்காக மறுப்பதும் சாக்குதான். ஆனால் அந்தக் குறை மாஸ்டருடையது இல்லை. எண் வந்தவுடன் ஆளைத் தேடுகிற மில்லில் யாரும் உண்மையான எண்ணை எழுத மாட்டார்கள். நியூமாஃபில் கழிவை எடைபோடாமல் பஞ்சு கலக்கும் மிக்ஸிங்கில் கொட்டிவிட்டு ரியலைசேஷனைக் கூட்டிக் காட்டுவது எப்படி என்று எல்லா ஷிப்டுக்கும் தெரியும். அப்படிப்பட்ட மில் ஒப்பீட்டில் சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி, முதலில் அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

கூலி, ஓவர்டைம், ஒப்பந்த ஆட்கள் எண்ணிக்கை வெளியே தெரியக் கூடாது என்று மறுக்கிறீர்கள் என்றால், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

மறுத்தாயிற்று, இனி என்ன செய்வது

மறுப்பது சுலபம். மறுத்த இடத்தில் வேறு அளவுகோல் வைக்காவிட்டால் மில் தூங்கிப்போகும். அந்த அளவுகோல் உங்கள் மில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே மிக்ஸிங்கில், ஒரே கவுண்ட்டில் ஓடும் எட்டு ஃப்ரேம் இருந்தால், அதில் எது குறைந்த அறுவையோடு ஓடுகிறதோ அதுதான் மற்ற ஏழுக்கும் பெஞ்ச்மார்க். பஞ்சு வேறு, முறுக்கு வேறு என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

தொடங்க வேண்டிய இடம் அறுவைக் கணக்கு. ஒரு ஃப்ரேமைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேரை நிறுத்துங்கள், ஒருவர் ஃபிட்டராக இருந்தால் நல்லது. டாஃப் போட்டு, அதாவது நிறைந்த குழல்களைக் கழற்றி வெற்றுக் குழல் மாட்டி, ஃப்ரேம் கிளம்பியதிலிருந்து அடுத்த டாஃப் வரை முழுதாகப் பாருங்கள். காப்பில், அதாவது அந்தக் குழலில், 55 கிராம் ஏறுகிறது என்றால் 40ஸில் சுமார் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் அரைமணி நேரம் மட்டும் பார்த்துவிட்டுப் பெருக்கிக்கொள்ளாதீர்கள். காப் கட்டத் தொடங்கும்போதும் முடியும்போதும் அறுவை நடுப்பகுதிபோல் இருக்காது. சைடரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: அளப்பது மெஷினை, அவரை அல்ல. அதைச் சொல்லாமல் கடிகாரத்தோடு நின்றால் அவர் வழக்கத்துக்கு மேல் ஓடுவார், உங்கள் எண் பொய்யாகும்.

ஒவ்வோர் அறுவைக்கும் கதிர் நம்பர், நேரம், கண்ணுக்குத் தெரிந்த காரணம் மூன்றையும் எழுதுங்கள். கூடவே கூடத்தின் ஈரப்பதம், டிராவலர் (ரிங்கின் மேல் ஓடும் சின்ன வளையம்) மாற்றிய தேதி. 1200 கதிர், மூன்றரை மணி நேரம் என்றால் 4200 கதிர்-மணி. 168 அறுவை வந்திருந்தால் 100 கதிர்-மணிக்கு 4.

இனிதான் ருசியான பகுதி. கதிர் நம்பர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே கதிர் இரண்டு தடவை, மூன்று தடவை வந்திருக்கும். அந்தக் கதிர்களில் சாக்பீஸால் குறி போடுங்கள். அடுத்த டாஃபில் அவற்றை மட்டும் கவனித்தால் போதும். மறுபடி அறுந்தால் மெஷினை நிறுத்திப் பாருங்கள். கதிர் ரிங்குக்கு நடுவில் நிற்கிறதா, லாப்பெட் கொக்கி கதிர் நுனிக்கு நேராக இருக்கிறதா, ரிங் தேய்ந்திருக்கிறதா, மேல் உருளையின் ரப்பர் உறையான காட் வெட்டுப்பட்டிருக்கிறதா, இழையை ஏந்தும் ஏப்ரன் பட்டை கிழிந்திருக்கிறதா. ஃபிட்டர் ஒரு கதிரைச் சென்டர் பார்க்க எடுத்துக்கொள்ளும் சில நிமிடத்தில் அந்தக் கதிரின் அறுவை நின்றுபோவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்கு எந்த அறிக்கையும் ஈடாகாது. அடுத்த நாள் சைடரே "அண்ணா, அந்த முந்நூத்திப் பன்னிரண்டு இப்ப அறுகிறதே இல்லை" என்று ஃபிட்டரைக் கூப்பிட்டுச் சொல்வார். அறுவை குறைந்தபிறகு பக்கத்தைக் கூட்டுவதைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசலாம். குறைவதற்கு முன் பேசாதீர்கள்.

இதே வழியில் ஃப்ரேம்வாரியாக நியூமாஃபில் கழிவை ஷிப்டுக்கு ஷிப்ட் எடைபோடுங்கள். ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும்.

மின்சாரத்துக்கு டிபார்ட்மென்ட்வாரியாக மீட்டர் வையுங்கள். மீட்டர் வைக்கும் முன்பே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. வார விடுமுறையில் மெஷின் எல்லாம் நின்றிருக்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தவில்லை, அதனால் அழுத்தம் ஏறியபிறகு அது லோடு எடுக்கவே கூடாது. ஆனால் எடுக்கும். லோடில் ஓடிய நேரத்தையும் லோடு இல்லாமல் ஓடிய நேரத்தையும் ஸ்டாப்வாட்ச்சில் குறியுங்கள். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் லோடு என்றால், கம்ப்ரஸர் தரும் காற்றில் நூற்றுக்கு முப்பது குழாய் வழியாக ஒழுகிப் போகிறது. நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் பக்கம் போய்க் காது கொடுத்தால் உஸ் என்ற சத்தமே இடத்தைக் காட்டிவிடும். இதற்குப் பக்கத்து மில்லின் யு.கே.ஜி. எதற்கு?

கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது

மூன்று பேர் கேட்பார்கள். பேங்க் கேட்கும், வாடிக்கையாளர் கேட்பார், உங்கள் எம்.டி. கேட்பார்.

பேங்க் உங்கள் பாலன்ஸ் ஷீட்டை எப்படியும் மற்ற மில்களோடு ஒப்பிட்டுத்தான் கடன் தரும். அதை மறுக்க முடியாது. அவர்களிடம் மில் மொத்தத்துக்கும் ஒரே சராசரியைக் கொடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு கவுண்ட்டிலும் ஒரு கதிருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கைக் கொடுங்கள். உற்பத்தி குறைந்த கவுண்ட்டில் ஏன் அதிகம் மிஞ்சுகிறது என்பது அதைப் பார்த்தாலே புரியும்.

வாடிக்கையாளருக்கு உங்கள் எச்.ஓ.கே. தேவையே இல்லை. கேட்டால், விலையைக் குறைக்கத்தான் கேட்கிறார். உஸ்டர் ரிப்போர்ட்டையும் கோன் எடை வித்தியாசத்தையும் கொடுங்கள், செலவுக் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

எம்.டி.தான் கஷ்டம். கோவை கொடிசியா அரங்கில் டெக்ஸ்ஃபேர் ஜவுளி மெஷின் கண்காட்சி நடந்த மறுநாள் காலை மாஸ்டரின் போன் அடிக்கும். "ஒரு ஸ்டாலில் சொன்னாங்க, அவங்க ஃப்ரேம் போட்ட மில்லில் இத்தனை கிராம் எடுக்கறாங்களாம், நாம ஏன் எடுக்கறதில்லை?" வாதாடாதீர்கள். "சரிங்க சார், விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணோடு சேர்த்து இவற்றைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்: எந்தக் கவுண்ட், எந்தப் பஞ்சு, என்ன டி.எம்., எத்தனை நாள் சராசரி, ஃப்ரேம் வந்து எத்தனை மாதம், யார் அளந்தது. பதில் வந்தால் சூத்திரத்தில் போட்டு நீங்களே சரிபார்க்கலாம். வராவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எப்போது சேரலாம்

மறுப்பு நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் சொந்த எண்கள் ஓராண்டு நிலையாக வந்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வித்தியாசம் குறைந்தபிறகு, உள்ளே கற்றுக்கொள்ள வேண்டியது தீர்ந்துவருகிறது என்று மாஸ்டருக்கே தோன்றும். அப்போது வெளியே பார்ப்பது பயன் தரும். அப்போதும் மில் முழுவதையும் ஒப்பிடாமல் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள். கவுண்ட் மாற்ற ஆகும் நேரம்தான் உங்கள் தலைவலி என்றால் அதைப் பார்க்க ஸ்பின்னிங் மில்லுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அச்சை அடிக்கடி மாற்றும் ஒரு பம்ப் பவுண்டரியோ பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டோ இன்னும் நன்றாகச் சொல்லித்தரும். கோவையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. போகும்போது மேனேஜர் மட்டும் போகாமல், அந்த வேலையைக் கையால் செய்யும் ஜாபரையும் கூட்டிப் போங்கள்.

ஆய்வுப் படிவம் பூர்த்தி செய்வதாக இருந்தால், சராசரியைத் தவிர்த்து கவுண்ட்வாரியாக எழுதுங்கள். டி.எம்., பஞ்சு ரகம், கோம்பர் நாயில் சதவீதம் கேட்காவிட்டாலும் ஓரத்தில் எழுதி அனுப்புங்கள். ஒப்பந்த லோடுமேன், ஹாஸ்டல் வார்டன், பேக்கிங் ஆட்கள் கணக்கில் சேர்ந்தார்களா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு வேறு யாராவது அந்தப் படிவத்தை எழுதும்போது அதே கணக்கில் எழுத வேண்டும். அளக்காத கட்டம் இருந்தால் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போடாமல் காலியாக விட்டு அனுப்புங்கள்.